பெரியபட்டினத்துப் பெரிய கஸ்டமர்

இராமநாதபுரத்தில் ஸ்கூட்டரும் பைக்கும் விற்கிற ஒரு ஷோரூமில் வேலை கேட்டுப் போனபோது எனக்குச் சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாது. முதலாளி அதைக் கேட்கவும் இல்லை. "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "ஊர்க்காரக சொல்ற பேரைக் கேட்டு இங்கிலீஷ்ல தப்பில்லாம அடிப்பியா?" என்றார். அடிப்பேன் என்றேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த நேரம். என் ஊர் திருவாடானையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமம். அய்யா நெல்லும் மிளகாயும் போடுகிறவர். நான் படித்த கம்ப்யூட்டர் படிப்பு எதற்கு ஆகும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும் அவ்வளவாகத் தெரியாது. வேலை கிடைத்ததும் டவுனில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் பிடித்துத் தங்கிக்கொண்டேன்.

வண்டிகளைத் தயாரிக்கும் கம்பெனி அந்த வருடம்தான் எல்லா ஷோரூம்களுக்கும் ஒரு புது மென்பொருளைக் கொடுத்திருந்தது. சி.ஆர்.எம். என்று அதற்குப் பெயர். வண்டி விசாரித்து வருகிற ஒவ்வொருவரின் பெயர், ஊர், போன் நம்பர், எந்த வண்டி, எப்போது வாங்கும் எண்ணம் எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். ஷோரூமில் இதை 'என்கொயரி' என்போம். சாயந்தரம் போன் லைனைக் கம்ப்யூட்டரில் மாட்டி, திரையில் 'சிங்க்' என்று இருக்கும் பட்டனை அழுத்தினால், அன்றைய என்கொயரி முழுவதும் சென்னையில் இருக்கும் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதைப் பார்த்து அந்தந்த ஆட்களுக்குப் போன் போட்டு, "எப்ப சார் வண்டி எடுக்குறீங்க?" என்று கேட்பார்கள். நம்மிடம் இருப்பதும் அவர்களிடம் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

எனக்கு என்கொயரி கொண்டுவந்து கொடுப்பவர் ஒரு சேல்ஸ்மேன் அண்ணன். பாம்பன்காரர். வீட்டில் அப்பா, சித்தப்பா, கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் படகு ஆடினால் வாந்தி வந்துவிடும். மாதா கோவிலில் நேர்ந்துகொண்டும் நிற்கவில்லை. அதனால் கரையிலேயே வண்டி விற்க வந்துவிட்டார். கடற்கரையோரம் இருக்கும் ஊர் ஒன்று விடாமல் சுற்றுவார். சட்டைப் பையில் உப்புக்காற்றுக்குப் பயந்து பாலிதீன் உறையில் போட்டு வைத்திருக்கும் துண்டுச் சீட்டுகளை சாயந்தரம் என் மேசையில் கொட்டுவார். சி.ஆர்.எம். என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. 'சீராமு' ஆக்கிவிட்டார். "என்ன தங்கச்சி, சீராமு இன்னைக்கு எப்பிடி இருக்காரு? கோவமா, சாந்தமா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்.

சீராமு பெரும்பாலும் கோபமாகத்தான் இருந்தார். சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடும். கரண்ட் இருந்தால் லைன் அறுந்துவிடும். பாதி போனதா, முக்கால்வாசி போனதா என்று எங்களுக்குத் தெரியாது. மறுபடி அழுத்தினால் முதலிலிருந்து எல்லாமே போகும். இங்கே ஒருவராக இருப்பவர் சென்னையில் இரட்டைப் பிள்ளை ஆகிவிடுவார். வண்டி விற்றுவிட்டோம் என்று நாங்கள் குறித்தது போய்ச் சேராமல், அங்கே அவர் இன்னும் யோசித்துக்கொண்டே இருப்பார்.

அப்படி ஒரு நாள் திருவாடானைப் பக்கத்து விவசாயி ஒருவர், வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத பைக்கை ஷோரூம் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். முகம் வெளிறியிருந்தது. எங்கள் பக்கத்து ஆள் என்பதால் என்னிடமே வந்தார்.

"ஆத்தா, ஒரு விசயம் கேக்கணும். இந்த வண்டி என்னுதுதான?"

"ஒங்களுதுதாங்கய்யா. என்ன ஆச்சு?"

"இல்ல, மெட்ராஸ்ல இருந்து ஒரு பொண்ணு போன் போட்டு, எப்ப வண்டி வாங்கப் போறீகன்னு கேக்குது. நான் வாங்கிட்டேன்னேன். இல்லங்க சார், எங்ககிட்ட நீங்க இன்னும் வாங்கலன்னுதான் இருக்குங்குது. அப்ப நான் யாரு வண்டிய ஓட்டிக்கிட்டு இருக்கேன்?"

அவருக்கு ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி, டீ வாங்கிக் கொடுத்து, வண்டி அவருடையதுதான் என்று முதலாளியும் ஒரு தடவை சொன்ன பிறகுதான் நிம்மதியாகப் போனார். போகும்போது, "அந்தப் பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார்.

சொல்வதற்கு நான் போன் போட வேண்டியிருக்கவில்லை. அன்று மத்தியானமே அந்தப் பெண் கூப்பிட்டுவிட்டாள். எங்கள் பகுதிக்கு அவள்தான் பொறுப்பாம். எடுத்த எடுப்பில், "மேடம், உங்க டேட்டா சரியில்ல. ஒரே ஆளு ரெண்டு தடவ வர்றாரு. வாங்கினவர் வாங்கலன்னு இருக்கு" என்றாள்.

"இங்கன எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன், கொஞ்சம் சூடாக.

"இங்கனன்னா என்ன மேடம்? அது ஒரு ரிப்போர்ட்டா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கன என்றால் இங்கே என்று விளக்கியதும் அவளும் சிரித்துவிட்டாள். சண்டை போட வந்தவர்கள் இருவருக்கும் அதற்குமேல் சண்டை வரவில்லை. அப்போதே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் சிங்க் முடிந்ததும் அவள் கூப்பிட்டு, கடைசியாக வந்து சேர்ந்த பெயர் எது என்று சொல்வாள். அதற்குப் பின்னால் உள்ளவற்றை மட்டும் நான் மறுபடி அனுப்புவேன். இரட்டைப் பிள்ளைகள் பிறப்பது நின்றது. விற்ற வண்டிகளையும் வாயாலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம். வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசுவோம். அவள் மேடம் என்பதை விட்டுவிட்டாள். வாடி போடி வரைக்கும் வந்தாயிற்று, ஆனால் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ஏரியா மேனேஜர் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பொன்னாடை, வண்ணத்தாள் சுற்றிய ஒரு சுவர்க்கடிகாரம். முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சார், இவ்வளவு பெரிய கஸ்டமரை வச்சுக்கிட்டு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார்.

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. மேனேஜர் பையிலிருந்து சென்னை அறிக்கையை எடுத்தார். பெரியபட்டினத்தில் ஒரே வாடிக்கையாளர். மொபெட் கேட்டிருக்கிறார், பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டர் கேட்டிருக்கிறார், பெரிய பைக் கேட்டிருக்கிறார், பச்சை கேட்டிருக்கிறார், சிவப்பு கேட்டிருக்கிறார். அறிக்கையின் ஒரு பக்கம் முழுக்க அவர் கேட்ட வண்டிகள்தாம். எதிரே, 'நிச்சயம் வாங்குவார்' என்று குறிப்பு.

"வாடகைக்கு விடப் போறாங்க போல. நேர்ல போய் மரியாதை பண்ணிட்டு வந்துடுவோம்" என்றார் மேனேஜர்.

நான் என் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பெரியபட்டினத்தில் அப்படி ஒரு பெரிய ஆள் இல்லவே இல்லை. தனித்தனிப் பெயர்கள், ஆளுக்கு ஒரு வண்டி. நானே என் கையால் ஏற்றியவை. "சார், எங்ககிட்ட எல்லாம் வேற வேற ஆளா இருக்கு" என்று சொல்லிப் பார்த்தேன்.

"உங்ககிட்ட இருக்கிறது இருக்கட்டும்மா. சென்னை சர்வர்ல இருக்கிறதுதான் சரி" என்றார்.

விவரம் தெரிந்த பாம்பன் அண்ணனைக் கேட்கலாம் என்றால் அவர் தொண்டிப் பக்கம் போயிருந்தார். அவருடைய செல்போனுக்கு அங்கே சிக்னல் கிடைக்காது. முதலாளி அதற்குள் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அறிக்கையில் இருந்தது ஒரு பெண்ணின் பெயர் என்பதால், "நீயும் வா, லேடீஸ் கஸ்டமர்" என்று என்னையும் காரில் ஏற்றினார். மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். முன்னால் இருவரும், மொத்தமாக எடுத்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

பெரியபட்டினத்தில் அறிக்கையில் இருந்த போன் நம்பரைச் சொல்லிக் கேட்டதும், முதலில் எதிர்ப்பட்டவரே, "லாத்தா வீடா? அந்தா, மஞ்சப் போர்டு" என்று கையைக் காட்டினார். அக்காவைத்தான் அங்கே லாத்தா என்பார்கள்.

அது ஒரு டெலிபோன் பூத். வீட்டின் முன்னறையையே கண்ணாடிக் கூண்டு போட்டு பூத் ஆக்கியிருந்தார்கள். சவூதியிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வீட்டுக்காரர்கள் பேசுவதற்காகக் காத்துக்கொண்டு பெஞ்சில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் வெள்ளைத் துப்பட்டி போட்ட ஓர் அம்மாள். எங்களைப் பார்த்ததும், "வாங்க, உக்காருங்க. வெளிநாட்டுக்கா, உள்ளூருக்கா?" என்றார்.

மேனேஜர் கும்பிட்டு, கம்பெனி பெயரைச் சொல்லி, "நீங்க எங்க வண்டிய விரும்பினதுக்கு ரொம்ப நன்றிம்மா. மொத்தமா எப்ப எடுக்கலாம்னு இருக்கீங்க?" என்றார்.

"என்னத்த எடுக்குறது?"

"வண்டிம்மா. நீங்க கேட்ட வண்டிங்க."

"எனக்கு சைக்கிளே மெதிக்கத் தெரியாதே தம்பி" என்றார் லாத்தா. பெஞ்சில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். லாத்தா எங்களை மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "ஓ, மெட்ராஸ்ல இருந்து ஒரு புள்ள அடிக்கடி போன் போட்டு வண்டி வாங்குறீகளா, வண்டி வாங்குறீகளான்னு கேக்குதே, அது ஒங்க புள்ளயா? நல்ல புள்ள. மரியாதையாப் பேசும். பாவம், அது மனசு நோகக் கூடாதுன்னு, வாங்குவாக, எல்லாரும் வாங்குவாக, இன்ஷா அல்லான்னு சொல்லி வச்சேன்."

நிச்சயம் வாங்குவார் என்ற குறிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மற்றதும் விளங்கிவிட்டது. அந்தத் தெருக்களில் பாதி வீட்டுக்குப் போன் கிடையாது. பாம்பன் அண்ணன் போன் நம்பர் கேட்டபோதெல்லாம் ஆளுக்கு ஆள் லாத்தா பூத்து நம்பரையே கொடுத்திருக்கிறார்கள். இங்கே என் கம்ப்யூட்டருக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை. இரட்டைப் பிள்ளைகளை ஒழிக்க அண்மையில் புது விதி ஏற்றியிருந்த சென்னைக் கம்ப்யூட்டர் மட்டும், ஒரு நம்பர் என்றால் ஓர் ஆள் என்று முடிவு கட்டி, அத்தனை பேரையும் ஒருவருக்குள் போட்டு அடைத்துவிட்டது. பெயர் எது என்று என் சென்னைத் தோழி போனில் கேட்டபோது லாத்தா தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். அதுவே நிலைத்துவிட்டது.

மேனேஜர் பொன்னாடையைக் கையில் பிடித்தபடி நின்றார். முதலாளி கூரையைப் பார்த்தார். எனக்கு அழுகை வருமா சிரிப்பு வருமா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தது மேனேஜர்தான். மெதுவாக ஆரம்பித்துக் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். பிறகு பொன்னாடையை என் கையில் கொடுத்து, "போட்டு விடும்மா" என்றார்.

"இது என்னத்துக்கு?" என்றார் லாத்தா.

"எங்க கம்பெனிக்காக இத்தனை நாளா போன் எடுத்துப் பதில் சொல்லியிருக்கீங்களே, அதுக்கு" என்றார் மேனேஜர்.

நான் பொன்னாடையைப் போர்த்தினேன். சுவர்க்கடிகாரத்தைப் பூத்திலேயே மாட்டச் சொன்னார் லாத்தா. பேசுகிறவர்களுக்கு மணி பார்க்க வசதி. டீயும், கறுப்பாக எண்ணெய் மின்னும் தொதல் அல்வாவும் வந்தன. முதலாளி, "கெளம்புவோமா சார்?" என்றார். லாத்தா விடவில்லை.

"வந்தது வந்தீக. சாயந்தரம் அஸர் தொழுதுட்டு எல்லாரும் இங்கன போனுக்குத்தான் வருவாக. யாரு யாரு வேணும்னு சொல்லுங்க, கூப்புட்டு விடுறேன்."

நான் நினைவில் இருந்த பெயர்களைச் சொல்லச் சொல்ல, பெஞ்சில் இருந்த பெண்கள், "அது எங்க மச்சான்", "அது கீழத்தெரு டீச்சர்" என்றார்கள். ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் நான் எழுத்தாக மட்டுமே தட்டிக்கொண்டிருந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து முன்னால் உட்கார்ந்தார்கள். பச்சை மொபெட் கேட்டவர் ஐஸ் வியாபாரி. பெட்டி வைத்துக் கட்டப் பின்னால் கம்பி நீளமாக வேண்டும் என்றார். ஸ்கூட்டர் கேட்டது பள்ளிக்கூட டீச்சர். பெரிய பைக் கேட்டவர் துபாய் போய்விட்டாராம். அவரைப் பெற்ற வாப்பா வந்து, "அவன் வண்டியெல்லாம் கேக்க மாட்டானே" என்று எங்களிடமே விசாரித்தார். ஒரு பெரியவர், நான் வண்டியே கேட்கவில்லை, வேலைவெட்டி இல்லாத நேரத்தில் விலை மட்டும்தான் கேட்டேன், பாம்பன் தம்பி ஆர்வத்தில் எழுதிக்கொண்டது என்றார். அவருக்கும் டீ வந்தது.

மேனேஜர் எல்லாரிடமும் உட்கார்ந்து பேசினார். ஐஸ் வியாபாரியும் டீச்சரும் அங்கேயே முன்பணம் கொடுத்தார்கள். கிளம்புவதற்கு முன் மேனேஜர் கண்ணாடிக் கூண்டுக்குள் போய், அதே நம்பரிலிருந்து சென்னைக்குப் போன் போட்டார். "தப்பு ஷோரூம்ல இல்ல. சர்வர் பண்றதுதான் தப்பு. ஷோரூம் பொண்ணு சொன்னதுதான் சரி" என்று அவர் சொன்னது கண்ணாடியையும் தாண்டி எனக்குக் கேட்டது. திரும்பி வரும்போது காரில் என் மடியில் கடிகாரம் இல்லை, தொதல் பொட்டலம் இருந்தது.

மறுநாள் பாம்பன் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், "சீராமுக்கு எல்லாரும் ஒண்ணுதான். பெரிய மனசு அவருக்கு" என்றார்.

அடைபட்டவர்களைப் பிரித்தெடுப்பது எனக்கும் சென்னைத் தோழிக்கும் வேலையானது. நம்பருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு, தெருப் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் சேர்த்து அடித்தால் சர்வர் அதைப் புது நம்பராக எடுத்துக்கொள்கிறது என்று அவள் கண்டுபிடித்தாள். போன் போடுவது மனிதக் கைதானே, கோட்டுக்கு முன்னால் இருப்பதை மட்டும் சுழற்றினால் போதும். சாயந்தரங்களில் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு இருவரும் பிரித்தோம்.

"சிவப்பு ஸ்கூட்டர் யாருடி?"

"டீச்சர். வித்தாச்சு, மூடிரு."

"பெரிய பைக்?"

"துபாய். வாப்பாவுக்குத் தெரியாம கேட்டது. எடுத்துரு."

பெரியபட்டினத்தோடு முடியவில்லை. தேடத் தேட, கடற்கரை நெடுக இப்படி ஒரு டீக்கடைக்குள், ஒரு பங்குத்தந்தை வீட்டுக்குள், ஒரு ஐஸ் கம்பெனிக்குள் ஆட்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். எல்லாரையும் வெளியே எடுத்தோம். தோழியும் லாத்தாவிடம், யார் வீட்டு ஆளை எந்த நேரத்தில் கூப்பிட்டால் கிடைப்பார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டாள். அடுத்த வருடம் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தபோது அதில் ஒரு புதுக் கட்டம் இருந்தது. 'இந்தத் தொலைபேசி யாருடையது?' தமிழ்நாடு முழுக்க ஷோரூம்களில் அதை நிரப்பியிருப்பார்கள். அது வந்த வழி எங்கள் இரண்டு பேருக்கும் மேனேஜருக்கும் லாத்தாவுக்கும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு எனக்கே ஒரு வண்டி வேண்டும் என்று தோன்றியது. ஷோரூமுக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில், மெக்கானிக்குகள் சிரிக்கச் சிரிக்க ஓட்டப் பழகினேன். நீலநிற ஸ்கூட்டர். முறைப்படி என் பெயரில் ஒரு என்கொயரி போட்டு அனுப்பினேன். மறுநாள் போன் மணி அடித்தது.

"வணக்கம் மேடம். எங்க ஸ்கூட்டர்ல விருப்பம் தெரிவிச்சிருந்தீங்க. எப்ப வாங்கலாம்னு இருக்கீங்க?" என்று ஒரு குரல் மிகவும் மரியாதையாகக் கேட்டது.

"வாங்குவாக, இன்ஷா அல்லா" என்றேன். இரண்டு பக்கமும் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அவளுக்குக் கல்யாணம் ஆனபோது என்னால் போக முடியவில்லை. கல்யாணம் முடிந்த சில மாதத்தில், புகுந்த வீட்டாரோடு இராமேஸ்வரம் வருகிறோம் என்றாள். விடுமுறை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரிலேயே கிளம்பினேன். பாம்பன் பாலத்தில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க அடிக்க ஓரமாகவே போனேன்.

கோவில் வாசலில் கூட்டத்துக்குள், தீர்த்தமாடிய ஈரத் தலையோடு ஒரு குட்டையான பெண் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளை நெட்டையாக, கண்ணாடி போட்டவளாக நினைத்து வைத்திருந்தேன். அவள் என்னைக் குண்டாக நினைத்திருந்தாளாம். வாயைத் திறந்ததும் இருவருக்கும் சந்தேகம் போய்விட்டது. அவள் மாமியார், "ரெண்டு பேரும் ஒரே காலேஜா?" என்று கேட்டார். ஒரே சர்வர் என்று சொன்னாள்.

மற்றவர்கள் அறையில் ஓய்வெடுக்கப் போனதும் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிப் பாதையில் போனேன். முகுந்தராயர் சத்திரத்தோடு அப்போது தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மணல். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினோம். இத்தனை வருடம் வண்டி வாங்கச் சொல்லியே பேசியவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது அங்கேதான் வெளிவந்தது.

"இங்கனயே கத்துக்கோ" என்றேன்.

ஆள் நடமாட்டம் இல்லாத சாலை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினேன். கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கிக் கையை விட்டுவிட்டேன். அவள் அது தெரியாமல், வளைந்து நெளிந்து, என்னோடு ஏதோ பேசிக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள்.